குடுவைச் செடியும் ஒற்றை ரீடிங்கும்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "தொழிலைப் பத்திப் பேசாதப்பா, எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க. உங்க வீட்டு மாடியில பூச்சி தின்கிற செடி இருக்காமே, அதைப் பேசு" என்றார். பேசுகிறேன். ஆனால் தொழிலை அடியோடு விட முடியவில்லை. நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெயின்டனன்ஸ் பார்ப்பவன். காகிதக் கூடத்தில் ஈரப்பதம் 50, 55 சதவீதத்தில் நிற்க வேண்டும். இறங்கினால் தாள் சுருங்கி, ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காராது. பக்கத்துப் பட்டாசு ஆலைக்காரருக்கோ ஈரமே ஆகாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு நம்ம ஊர் வறண்ட வெயிலும் ஒரு காரணம். அந்த வெயிலில், மழைக்காட்டுச் செடி ஒன்றை வளர்க்க நினைத்தேன். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இந்த மேடையில் சொல்ல வேண்டாம்.

நெபந்தஸ் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் வரைந்திருப்பீர்கள். அந்தக் குடுவை பூ அல்ல, இலையின் ஒரு பகுதி. இலை நுனியிலிருந்து ஒரு கம்பி நீண்டு, அதன் முனை உப்பிக் குடுவையாகிறது. வழுக்கும் விளிம்பில் எறும்பு சறுக்கி உள்ளே விழுந்தால், அங்குள்ள நீரில் கரைந்து செடிக்குத் தழைச்சத்து ஆகிறது. இந்தியாவில் காட்டில் விளைவது ஒரே இனம்தான்: மேகாலயப் பக்கத்து நெபந்தஸ் காசியானா. காரோ மக்கள் அதை 'மெமாங் கோக்சி' என்பார்கள், பேயின் கூடை என்று பொருள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள செடி. காட்டில் தோண்டியதை யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். இலங்கையில் வேறோர் இனம் உண்டு. நர்சரிகளில் கிடைப்பது பெரும்பாலும் கலப்பினம். இங்கிலாந்தில் வீச் நர்சரியின் ஜான் டொமினி 1862இல் தொடங்கிவைத்த வேலை அது. என்னிடம் இருப்பது பிலிப்பைன்ஸ் செடிகளான வென்ட்ரிகோசாவும் அலாட்டாவும் சேர்ந்தது. கலப்பினங்களிலேயே சாதுவானது, பட்டினி கிடந்தாலும் சட்டென்று சாகாது.

சாகவில்லைதான். குடுவையும் விடவில்லை. கம்பி நுனி ஊசி போலக் கறுத்துக் காய்ந்துவிடும். சத்து போதவில்லை என்று நினைத்து ஒரு ஸ்பூன் டிஏபி போட்டேன். இலை ஒரு சாண் நீளத்துக்கு வந்தது, குடுவை மட்டும் இல்லை. பிறகுதான் உறைத்தது: வேரிலேயே சோறு கிடைத்தால் அது ஏன் பொறி வைக்கப்போகிறது? அடுத்த மாதம் இலை ஓரமெல்லாம் கருகியது. பிரஸ்ஸிலிருந்து டிடிஎஸ் மீட்டரைக் கொண்டுவந்து எங்கள் போர் தண்ணீரில் விட்டேன், 1,400 காட்டியது. இந்தச் செடிக்கு 100க்குள் இருந்தால் நல்லது. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மாடியில் ஈரப்பதம் 28. தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் கலந்து தொட்டி மாற்றி, ஏசியில் சொட்டும் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் பிடித்து ஊற்றி, பச்சை நிழல்வலைக்குள் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன். நாலு மாதத்தில் முதல் குடுவை வந்தது. தெருவே வந்து பார்த்தது.

இனி வருவதுதான் நான் சொல்ல வந்த விஷயம். மூன்று வருடத்துக்கு முன் ஓர் இலை நுனியில் பிளந்து, இரண்டு கம்பி விட்டு, இரண்டு குடுவை கட்டியது. ஒரே இலையில் ஜோடிக் குடுவை! புது ரகம் என்றே முடிவு கட்டிவிட்டேன். "பட்டாசு மருந்து காத்துல கலந்து செடியையே மாத்திடுச்சு" என்று பிரஸ்ஸில் ஒருவர் சொன்னதைக்கூட நான் மறுக்கவில்லை. உள்ளூர் நிருபர் ஒருவர் வந்தார். படத்தோடு செய்தி வந்தது. அதைப் பார்த்து பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையன் தேடி வந்தான். அவன் அம்மா பட்டாசு ஆலையில் கூலி வேலை பார்ப்பவர். "அண்ணே, அந்தச் செடியில ஒரு கொம்பு கிடைக்குமா?" என்று இருநூறு ரூபாயை நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எட்டு மாதம் கழித்து, ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தான். ஒவ்வொரு இலைக்கும் தேதி, நீளம், குடுவை வந்ததா இல்லையா என்று எழுதியிருந்தான். பதினோரு இலை. "எல்லாம் ஒத்தைக் குடுவைதான்ணே. நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?" என்றான்.

தப்பு அவனுடையது அல்ல. கொம்பு வைத்து வளர்த்தது தாய்ச்செடியின் நகல்தான். குணம் நிஜமாகவே மாறியிருந்தால் அதிலும் தெரிந்திருக்க வேண்டும். என் செடியிலும் அதற்குப் பின் வந்த இலையெல்லாம் சாதாரணம்தான், நான்தான் எண்ணிப் பார்க்கவில்லை. போனில் பழைய படங்களைத் தேடினேன். அந்த இலை விரிவதற்குச் சில வாரம் முன்பு, குருத்தில் அப்பியிருந்த மாவுப்பூச்சியைப் பல்குச்சியால் சுரண்டிவிட்டுப் பெருமையாக எடுத்த படம் இருந்தது. பிறக்கும்போதே இலையில் கீறல் விழுந்து இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதுதான் இன்று என் முடிவு. இதே கல்லூரியில், மெட்ராலஜி லேபில், ஒரே ஒரு ரீடிங் எடுத்துக்கொண்டு போனால் ரெக்கார்டு நோட்டைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துவிடுவார் எங்கள் சார். மூன்று தடவை எடுத்துவிட்டு வா என்பார். இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார், சிரிக்கிறார்.

இருநூறைத் திருப்பிக் கொடுத்தேன். நிருபரிடம் திருத்தம் போடச் சொன்னேன். "செடி மறுபடி ஜோடிக் குடுவை விட்டால் சொல்லுங்க சார், அதுதான் செய்தி" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு நானும் நோட்டுப் போட்டேன். இன்னொரு பயம் தெளிந்தது. ஆறடி உயரம் கொடியாகப் போன செடியில் குடுவை ஒல்லியாக, இறக்கை இல்லாமல், புனல் மாதிரி வந்தது. வெட்டிவிட்டால் அடியில் துளிர்த்ததில் குட்டையான, இரு பக்கமும் இறக்கை வைத்த குடுவை. கலப்பினம் பிரிந்து பழைய பெற்றோராகிறது என்று கலங்கியிருக்கிறேன். அப்படியொன்றும் இல்லை, கீழ்க்குடுவையும் மேல்குடுவையும் இந்தக் குடும்பத்தில் எப்போதுமே வேறு வேறு உருவம்.

மூடிய குடுவை சில நாளில் மளமளவென்று உப்புவதையும் வினோதம் என்று எழுதி வைத்திருந்தேன். செங்கோட்டை, தென்மலை தாண்டினால் வருகிற பாலோடு தாவரவியல் பூங்கா ஆராய்ச்சியாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அசந்துபோனேன். திறக்காத குடுவைக்குள் கார்பன் டை ஆக்சைடு 2,500 முதல் 5,000 பிபிஎம் வரை இருக்கிறதாம். வெளிக்காற்றில் அது 400 சொச்சம்தான். குடுவை தானே சுவாசித்து விட்ட காற்று அது. குடுவையின் வேகமான வளர்ச்சிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். திறந்தபின் கசிகிற அந்த வாயுவே பூச்சியை இழுக்கவும் செய்கிறது.

இந்த வருடம் என் செடி முதல்முறையாகப் பூத்தது. நெபந்தஸில் ஆண் வேறு, பெண் வேறு செடி. என்னுடையது ஆண். அந்தத் தம்பியுடையதும் அதன் கொம்பு என்பதால் ஆண்தான். அவன் இப்போது கல்லூரியில் தாவரவியல் முதலாண்டு. நாமே ஒரு கலப்பினம் போடலாம் அண்ணே என்று தினமும் நச்சரிக்கிறான். மலையூர்ப் பக்கம் வேலையில் இருக்கும் நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் தோட்டத்திலோ பெண் செடி பூத்தால் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மகரந்தத்தைப் பட்டர் பேப்பரில் மடித்து, ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன்.