வாரா வாரம் போனவங்க

வருஷத்துக்கு ஒரு நாள் வாலன்டியரிங், டி-சர்ட், குரூப் போட்டோ. நம்ம ஐடி கம்பெனிகள்ல இது சகஜம். அங்க பார்த்த ஒரு குழந்தையோட பேராவது ஞாபகம் இருக்கா?

1901, நியூயார்க். ரயில்வே முதலாளியின் மகள் மேரி ஹாரிமனுக்கு அப்போ வயசு 19. தன்னைப் போல வசதியான 80 பெண்களைச் சேர்த்து 'ஜூனியர் லீக்' ஆரம்பிச்சாங்க. பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடிச்சு வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடுல குழந்தைகளுக்காக வேலை செஞ்சாங்க.

சீக்கிரமே எலினோர் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்தாங்க. ரிவிங்டன் தெருவுல சிறுமிகளுக்கு உடற்பயிற்சியும் நடனமும் சொல்லிக் கொடுத்தாங்க. நோய் தொத்திக்கும்னு சொந்தக்காரங்க பயந்தாங்க. ஆனா எலினோர் அப்போ நிறுத்தலை.

ஒருநாள் ஒரு சிறுமிக்கு உடம்பு முடியலை. எலினோரைக் கூட்டிட்டுப் போக வந்திருந்த பிராங்க்ளினும் அவளை வீட்டுல விடக் கூடப் போனார். மனுஷங்க இப்படியா வாழுறாங்கன்னு ஆடிப்போயிட்டார். 1933-ல அமெரிக்க அதிபரானது அவர்தான்.

ஒருநாள் விசிட்ல அந்த வீட்டு வாசல் வரைக்கும் போயிருக்க முடியாதுன்னு எனக்குத் தோணுது. அதனால, பக்கத்துல இருக்கிற மாலைநேர டியூஷன் சென்டர்ல கேட்டுப் பாருங்க: வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாசம். அதுக்கு முடியும்னா மட்டும் பேர் குடுங்க.