சொல்பவர் நிற்கும் இடம்: சிறுகதையில் முரண்நகையும் நோக்குநிலையும்



வவுனியாவின் வகுப்பறைகளில் தம் ஆயுளின் பெரும்பகுதியைத் தமிழ் கற்பிப்பதில் கழித்து, கதையொன்றை வாசித்து முடித்ததும் அதன் நீதி யாது என்று வினவுவதற்கு முன்னர், அதைச் சொன்னவர் எங்கே நின்று சொன்னார் என்று மாணவரைக் கேட்கப் பழக்கிய ஓர் ஆசிரியரின் ஞாபகார்த்தமாக இன்று கூடியிருக்கிறோம். அவர் கேட்ட வினாவையே மீண்டும் எடுத்து ஆராய்வதுதான் அவருக்குச் செலுத்தத்தக்க அஞ்சலி என்று கருதுகிறேன்.

அவ்வினா கூர்மையாக எழும் இடம் முரண்நகை: சொல் ஒன்றும் உட்குறிப்பு வேறொன்றுமாக அமைவது. அப்பெயர் புதிது. அதன் பொருள் நமக்கு மிகப் பழையது. தொல்காப்பியர் அங்கதத்தை, வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் என்றும் மறைத்துப் பழிக்கும் பழிகரப்பு என்றும் இருவகையாக வகுத்தார். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், மாலை சூட்டி நெய் பூசிக் காவல் மனையில் வைத்திருந்த அவனுடைய படைக்கலங்களைப் பாராட்டி, தம் மன்னனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று குறைபோலக் கூறிய புறநானூற்றுச் செய்தியை நீங்கள் அறிவீர்கள். அங்கே கேட்பவன் எதிரே இருக்கிறான். சொல்பவரின் முகமும் குரலும் உட்குறிப்பை உணர்த்தத் துணை நிற்கின்றன. அச்சிட்ட சிறுகதைக்கு முகமுமில்லை, குரலுமில்லை. அக்குறையை நிறைவு செய்வதே நோக்குநிலை. அதாவது, கதைசொல்லி யார் பக்கத்தில் நிற்கிறார், எதைக் காண்கிறார், எதைக் காணாது விடுகிறார் என்ற அமைதி.

பிரெஞ்சு ஆசிரியர் மாப்பசான் 1884-இல் எழுதிய கழுத்தணிக் கதையில், இரவல் நகையைத் தொலைத்த பெண்ணின் அறிவெல்லைக்குள்ளேயே நம்மையும் நிறுத்தி, அதற்கு ஈடு செய்யப் பத்து வருஷம் அவள் உழைத்துத் தேய்ந்தபின், அந்நகை போலியென்று கடைசியிற் சொல்கிறார். 1934-இல் மணிக்கொடியில் வெளிவந்த 'பொன்னகர'த்திலோ, புதுமைப்பித்தன் தலைப்பிலேயே முரணை வைத்து, காயம்பட்ட கணவனின் பால்கஞ்சிக்காக அம்மாளு இருட்சந்தில் ஒதுங்கும் காட்சியைக் காட்டிவிட்டு, தாமே முன்வந்து நம்மைப் பார்த்துப் பேசுகிறார். முன்னையதில் விதி முரண்படுகிறது. பின்னையதில் பெயரும் பொருளும் முரண்படுகின்றன.

இவ்விரண்டினும் நுட்பமானது, சொல்பவரின் நெஞ்சே அவருடைய வாக்குக்கு முரண்படுவது. நம் ஈழத்திலேயே அதற்கு ஓர் உத்தம உதாரணம் உண்டு: என். கே. ரகுநாதன் அவர்களின் 'நிலவிலே பேசுவோம்'. பொதுமேடையில் மதுவிலக்குப் பிரசங்கம் செய்துவிட்டு வீடு திரும்பி, உண்டு, சாய்மனைக் கதிரையில் இளைப்பாறும் பெரியவர் ஒருவரை, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள் தேடி வருகிறார்கள். அவரோ, நிலவு நன்றாயிருக்கிறது, வெளியே போய்ப் பேசுவோம் என்று இனிமையாக அழைக்கிறார். அவ்வழைப்பில் கடுஞ்சொல் ஒன்றேனும் இல்லை. கவிஞர் ஒருவர் சொல்லத்தக்க வாசகமே அது. ஆயினும், வந்தவர்களை வீட்டினுள் ஏற்றக் கூடாதென்ற சாதி ஆசாரமே அந்த நிலவொளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

இக்கதை அப்பெரியவரின் அருகிலேயே நின்று சொல்லப்படுவதைக் கவனியுங்கள். அதே நிகழ்ச்சியை வாசலில் நின்றவர்களுள் ஒருவர் தம் வாயாற் சொல்லியிருந்தால், அது நியாயமான முறையீடாக நம் நெஞ்சைச் சுட்டிருக்கும். பெரியவரை வெறுத்து, நம்மை நல்லவர்கள் என்று எண்ணி நாம் அமைதியடைந்திருப்போம். அவர் பக்கத்தில் நம்மை அமர்த்தியதனால் அந்த நாகரிகமான சாக்கு நமக்கும் பழக்கமானதென்று உணர்ந்து துணுக்குறுகிறோம். முரண்நகையின் தர்மம் இதுவே என்பது என் துணிபு: பிறரைப் பார்த்து நகைக்கத் தொடங்குகிறவனை அது தன்னைப் பரிசோதிக்கச் செய்கிறது.

இவ்வறிவு ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. 2009-ஆம் ஆண்டில், நம் மாவட்டத்துச் செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமில், போரினால் இடம்பெயர்ந்த 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டிருந்தபோது, அவ்விடத்துக்கு 'நலன்புரி' என்று பெயர். அதன் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியோரின் நாமங்கள். வேலிக்கு வெளியே நின்று அறிக்கை எழுதியவருக்கு அவை பலகையிலுள்ள பெயர்கள். தண்ணீர் வரிசையில் வெறுங்குடத்தோடு நின்ற தாய்க்கு அவையே முகவரி. அக்காலத்தைக் கதையாக்க விழையும் இளம் எழுத்தாளர், அப்பலகையையும் அக்குடத்தையும் அருகருகே வைத்தாற் போதும்; ஆவேச வசனம் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் எங்கே நின்று அவற்றைக் காண்பது என்பதை மட்டும் எழுதத் தொடங்குமுன்பே தீர்மானித்தல் வேண்டும்.

மாணவர்களே, இனி ஒரு கதையைக் கையிலெடுக்கும்போது மூன்று வினாக்களை மனத்திலிருத்துங்கள். சொல்பவருக்குத் தெரியாதது எது? அவர் தெரிந்தும் சொல்லாதது எது? இக்கதையை வேறொருவர் சொன்னால் யார் பெயர் கெடும்? நிலவு அனைவருக்கும் பொதுவே; எனினும், அதன் அழகைப் புகழ்கிறவரின் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கக் கற்ற வாசகரே நம் ஆசிரியர் விட்டுச்சென்ற செல்வம். அச்செல்வம் இம்மண்ணிற் பெருகுக.