வண்டியில் ஏறுமுன்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் யான் இலக்கியம் பேசப் புகுந்தால் அது துணிச்சலாகும். ஆகவே என் குடும்பம் கண்ணீர் கொடுத்துக் கற்ற பாடம் ஒன்றையே தங்கள் முன் வைக்க விழைகிறேன்.

நாம் எல்லையில் வாழும் மக்கள். பாலக்காட்டில் இருப்போர்க்கு வாளையாறு கடந்தால் கோவை. குமுளியிலும் வண்டன்மேட்டிலும் பூப்பாறையிலும் இருப்போர்க்கு மலையிறங்கினால் கம்பமும் போடியும். கலியாணம், காதுகுத்து, குலதெய்வ வழிபாடு என எதற்கும் எல்லை தாண்டியே ஆக வேண்டும். முன்னர்ப் பேருந்தில் சென்றோம். இன்று சொந்தக் கார், இல்லையேல் நண்பரின் கார்.

என் அத்தானும் அப்படித்தான் சென்றார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உறவினர் இல்லத் திருமணத்துக்கு நண்பரின் காரை இரவல் வாங்கி, என் தமக்கையையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியே மலையேறினார். “இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?” என்று யானே கேட்டேன். “இருக்கிறது” என்றார். நாள் முழுதும் பாரங்களைப் படித்துச் சரிபார்க்கும் எழுத்தனாகிய யான், அந்த ஒரு சொல்லோடு நிறைவடைந்தேன். பத்திரத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

இரவு திரும்புகையில் ஒரு வளைவில் கார் சுவரில் மோதியது. எதிரே வேறு வண்டி இல்லை. அத்தான் இறந்தார், தமக்கைக்குக் கால் முறிந்தது, குழந்தை இறைவன் அருளால் பிழைத்தாள்.

பின்னர் இன்ஷூரன்ஸ் அலுவலகம் சென்றோம். பத்திரத்தைப் பிரித்துப் பார்த்த அதிகாரி அமைதியாகச் சொன்னார்: “இது மூன்றாம் தரப்புக்கு மட்டுமான பத்திரம். இதில் தங்களுக்கு ஒன்றும் இல்லை.” அவரை நோவதில் பயனில்லை. சட்டம் அதுவே.

அச்சட்டத்தைச் சற்று விளக்குகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது, நம் வண்டியால் பிறர்க்கு நேரும் கேட்டுக்கான காப்பீட்டை. சாலையில் நடப்பவரும் எதிர் வண்டியில் வருபவரும் அந்தப் ‘பிறர்’. நம் காருக்குள் நம்மோடு அமர்ந்திருக்கும் மனைவியும் மக்களும், கட்டணமின்றி வருவதால், அதில் அடங்கார். ஸ்கூட்டரில் பின்னால் அமர்பவர் நிலையும் அதுவே என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘பேக்கேஜ்’ எனப்படும் முழுமைப் பத்திரம் எடுத்திருந்தால் அவர்களுக்கும் காப்பு உண்டு என 2009இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் தெளிவுபடுத்தியது.

இரண்டாவது, இரவல் வாங்கி ஓட்டுபவரின் நிலை. அவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவராகிறார்; தம் பிழையால் தமக்கு நேர்ந்த கேட்டுக்குத் தாமே இழப்பீடு கேட்க இயலாது என்பது 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உரிமையாளர்–ஓட்டுநர்க்குரிய 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு, பெயரிலேயே உள்ளபடி, உரிமையாளர்க்குத்தான். என் தமக்கை வழக்குத் தொடர வேண்டுமாயின் கார் கொடுத்த நண்பர்மீதே தொடர வேண்டும். உதவி செய்தவரை நீதிமன்றத்தில் நிறுத்த அவர் மனம் ஒப்பவில்லை. நகைகளை விற்று மருத்துவச் செலவைத் தீர்த்தார்.

மூன்றாவது, நம் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் மலையேறும் ஜீப்புகள். தேனி மாவட்டத்திலிருந்து வரும் நம் சகோதரியரை அளவுக்கு மிஞ்சி ஏற்றிச் செல்லும் வண்டிகளை எல்லோரும் கண்டிருக்கிறோம். பத்திரத்தில் எத்தனை பேருக்குப் பிரீமியம் கட்டப்பட்டதோ அத்தனை பேர் அளவுக்கே கம்பெனி பொறுப்பு என 2007இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டாலோ, பத்திர நிபந்தனையையே மீறியதாகும்.

நான்காவது, காலாவதி. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் அவர்கள் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டும் இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டும் மூன்றாம் தரப்புக் காப்பு எடுக்க வேண்டும் என்றாயிற்று. அதைக் கண்டு எல்லாம் மூன்றாண்டு என்று மயங்கலாகாது. வண்டிச் சேதத்துக்கான பகுதி ஓராண்டில் முடிந்திருக்கலாம். இரண்டு தேதிகளையும் தனித்தனியே பாருங்கள்.

என் துறையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பயணச்சீட்டுடன் ரயிலில் செல்பவர் ரயில் விபத்தில் இறந்தால், எவர் பிழை என்று மெய்ப்பிக்காமலே குடும்பத்துக்கு எட்டு லட்ச ரூபாய் என 2017 ஜனவரி முதல் விதி உள்ளது. நம் காரில் ஏறும் நம் பிள்ளைக்குச் சீட்டுக் கொடுப்பவர் யார்? நாமே. அந்தச் சீட்டுத்தான் முழுமைப் பத்திரம்.

எனினும், எந்தப் பத்திரமும் உயிரைத் திருப்பித் தராது. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரி அருகே, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்புறம் மோதி ஒன்பது உயிர்கள் மாய்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி அடியார்கள் எண்மர், குமுளி மலைப்பாதையில் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இறந்தனர். இரண்டும் இரவில் நேர்ந்தவை.

ரயில் ஓட்டுநர்க்கு ஓய்வு விதி உண்டு. சிவப்பு விளக்கைத் தாண்ட அவர்க்கு உரிமை இல்லை. நமக்கு நாமே அத்தகைய விதிகளை வகுத்துக்கொள்வோம். கலியாணப் பந்தியில் நாள் முழுதும் நின்றவர் இரவில் மலையிறங்க வேண்டா. படுத்துறங்கி விடியலில் புறப்படட்டும். ஏறுவதற்கு எந்தக் கியரோ, இறங்குவதற்கும் அதே கியர்; பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிடும். மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பின்னிருக்கையிலும் பெல்ட் அணியுங்கள். முன்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாசமன்று. மோதலின்போது எந்தத் தாயின் கையாலும் அக்குழந்தையைப் பிடித்துவைக்க இயலாது.

விபத்து நேர்ந்துவிடின் 112க்கு அழையுங்கள். 2025 மே மாதம் அறிவிக்கப்பெற்ற மத்திய அரசுத் திட்டப்படி, குறித்த மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்ச ரூபாய்க்குள், பணம் கட்டாமலே சிகிச்சை பெறலாம். அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவர்க்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது, அஞ்ச வேண்டா. இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

பெரியோர்களே, தங்களிடம் யான் வேண்டுவது ஒன்றே. இன்றிரவு வீடு சென்றதும் வண்டியின் பத்திரத்தை எடுத்து விளக்கடியில் வைத்துப் படியுங்கள். புரியாவிடில் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். யான் இருந்து படித்துச் சொல்லுகிறேன். என் அத்தானுக்கு அன்று செய்யத் தவறியதைத் தங்களுக்கேனும் செய்தேன் என்ற ஆறுதல் எனக்குப் போதும்.