நடப்பதற்கும் நேரம் வேண்டும்!

(பீளமேட்டில் பெண் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மார்பகப் புற்றுநோய் என்ற பேரைச் சொன்னாலே நம் வீடுகளில் குரல் தணிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டாருக்குத் தெரியக்கூடாது, சம்பந்தி வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று மூடி வைக்கிறோம். மூடி வைக்க இது அபூர்வமான வியாதியுமல்ல, அவமானமுமல்ல. 2022ஆம் வருஷ மதிப்பீட்டின்படி, அந்த ஒரே வருஷத்தில் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டது. சுமார் 98 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

ஆபரேஷன், மருந்து, கதிர் வைத்தியம் ஆகியவை டாக்டர்களின் காரியம். அவற்றுக்கு மாற்று எதுவும் கிடையாது. இன்று நாம் பேச வந்த விஷயம், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணைப் பற்றியது. அவளை நாம் என்ன செய்கிறோம்? "அசையாமப் படு கண்ணு" என்று பாயில் கிடத்துகிறோம். கையிருப்புக் கரைந்ததும் மறுபடி ஷிப்டுக்கு அனுப்புகிறோம். இரண்டுமே அவள் உடம்புக்கு ஆகாது.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

அமெரிக்காவில், மார்பகப் புற்றுநோய் கண்ட 2,987 நர்சுகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து, 2005ல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 3 முதல் 5 மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்தவர்களுக்கு, அநேகமாக அசையாமலிருந்தவர்களை விட, இந்நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறையப் பாதியாக இருந்தது.

"தெம்புள்ளவள் நடந்தாள், தெம்புள்ளவள் பிழைத்தாள். இதில் நடையின் பங்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கவனித்துக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சியால் மட்டும் இந்தச் சந்தேகம் தீராது. சீட்டுக் குலுக்குவது போல நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பயிற்சி தந்து பார்க்க வேண்டும். குடல் புற்றுநோயில் அப்படிச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2025ல் வெளிவந்தது. 889 நோயாளிகள், 3 வருஷப் பயிற்சி. 8 வருஷம் கழித்து, பயிற்சி பெற்றவர்களில் 100க்கு 90 பேர் உயிரோடிருந்தார்கள். ஆரோக்கியம் பற்றிய புத்தகங்களை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 83 பேர். அது வேறு உறுப்பின் நோய்தான். ஆனால் உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டக்கூடும் என்பதற்கு அது பலமான சாட்சி.

காரணமும் ஓரளவு புரிகிறது. மாதவிடாய் நின்ற பிறகு, உடம்பின் கொழுப்பிலிருந்தே ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. மார்பகப் புற்றுநோயில் பெரும்பகுதி அந்தச் சுரப்பை உண்டு வளர்வது. நடக்க நடக்க, கொழுப்பும் ரத்தத்தில் இன்சுலினும் குறைகின்றன. மருந்து தரும் அசதியும் குறைகிறது. அசதிக்குப் படுக்கைதான் மருந்து என்று நாம் நினைத்தது சரியல்ல.

கையைக் கட்டிப் போடாதீர்கள்

அக்குளில் நெரிகட்டிகளை எடுத்த பிறகு கை வீங்கிவிடும் என்று பயந்து, ஒரு குடம் தூக்கவும் விடுவதில்லை. வீக்கம் ஏற்கனவே உள்ள 141 பெண்களை வைத்து 2009ல் வெளியான ஆராய்ச்சியில், மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. ஆபரேஷன் முடிந்து 7 முதல் 10 நாளில் தோள் பயிற்சியை ஆரம்பித்த பெண்களுக்கு, ஒரு வருஷம் கழித்துக் கை நன்றாக இயங்கியது என்று 2021ல் பிரிட்டனில் கண்டார்கள். தலை வாரவும், கொடியில் துணி போடவும் கை எழ வேண்டுமல்லவா?

ஒரு எச்சரிக்கை: எலும்பில் நோய் பரவியவர்கள், காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

பாடு வேறு, பயிற்சி வேறு

"நாள் முச்சூடும் நின்னு பாடுபடறனுங்க. இதுக்கு மேல நடக்கோணுமாக்கும்?" என்று கேட்கிறார்கள் நம் சகோதரிகள். ஸ்பின்னிங்கில் சைடர் வேலை செய்பவர் ஷிப்டு முழுக்க ரிங் பிரேம்களுக்கிடையே நடக்கிறார். ஆனால் அந்த நடையின் வேகத்தைத் தீர்மானிப்பது இயந்திரம். அசந்தால் உட்கார முடியாது. பஞ்சுத்தூசியும் இரவு ஷிப்டும் கூடவே உண்டு. மேலே சொன்ன ஆராய்ச்சிகள் கணக்கெடுத்தது ஓய்வு நேர நடையை. தன் இஷ்டத்துக்கு நடந்து, தன் இஷ்டத்துக்கு நிற்கும் நடை அது.

அந்த ஓய்வு நேரம் யாரிடம் இருக்கிறது? அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள், ஷிப்டு என்று பொழுது போகிறவளிடம் இல்லை. ஆகவே, "தினம் அரைமணி நடங்கள்" என்ற சீட்டு, காசில்லாத மருந்து போலத் தோன்றினாலும், அதற்கும் விலை உண்டு. அந்த விலை நேரம்.

என்ன செய்ய வேண்டும்?

1955லேயே கோவைக்கு இ.எஸ்.ஐ. வந்துவிட்டது. புற்றுநோய் போன்ற நீடித்த வியாதிகளுக்கு, 2 வருஷம் தொடர்ந்து வேலையிலிருந்து சந்தா நாட்களும் சரியாக உள்ள தொழிலாளிக்கு, கூலியில் 80 சதவீதம் 2 வருஷம் வரை பெற உரிமையுண்டு. இது தெரியாமல் ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். காண்டிராக்ட் பெண்ணுக்கும் சந்தா கட்டப்படுகிறதா என்று விசாரியுங்கள்.

2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு உண்டு. புற்றுநோய் சிகிச்சை முடிந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கைப்பயிற்சி சொல்லித்தர அது பயன்பட வேண்டும் என்று கேட்போம்.

2025ல் அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். மோட்டார்களுக்கு வழி பிறந்தது, நல்லது. ரேஸ் கோர்சில் நடக்கப் பாதை இருக்கிறது, அதுவும் நல்லது. ஆலைத் தொழிலாளி குடியிருக்கும் வீதியிலும், விளக்கெரியும் ஒரு நடைபாதை வேண்டும்.

இவற்றைக் கேட்டுப் பெறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீதியில் சிகிச்சை முடிந்து வந்தவள் இருந்தால், டாக்டர் சம்மதத்தோடு முதலில் 10 நிமிஷம் அவளோடு நடவுங்கள். போகப் போக அது அரைமணியாகட்டும். அந்த நேரத்துக்கு வீட்டு ஆண்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்!