பட்டை வண்டின் நெருக்கமும் பெருக்கமும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



ஐரோப்பாவில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகளைப் பாழாக்கும் பட்டை வண்டைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அது நம் ஊர்ப் பூச்சியன்று. ஆயினும், அது பெருகும் விதத்தில் கூட்டுறவாளர் அறியத்தக்க விஷயம் ஒன்றுண்டு.

இவ்வண்டு சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ளது, நெல்மணியிலும் சிறியது. முதலில் ஆண் வண்டு பட்டையைத் துளைத்து அறை அமைத்து, ஒருவித வாசனையைப் பரப்பி மற்ற வண்டுகளை வரவழைக்கிறது. பெண் வண்டுகள் உட்பட்டையில் நீண்ட சுரங்கம் தோண்டி, அதன் இரு பக்கங்களிலும் முட்டையிடுகின்றன. புழுக்கள் அவ்வுட்பட்டையையே தின்று வளர்கின்றன.

செழிப்பான மரத்தைச் சில வண்டுகள் மாத்திரம் தாக்கினால், மரம் பிசினைப் பெருக்கி அவற்றைக் கொன்றுவிடும். ஆயிரக்கணக்கில் ஒருங்கே தாக்கினாலோ மரம் தோற்றுவிடும். ஆனால் அவ்வெற்றியிலேயே வண்டுகளுக்கு ஒரு நஷ்டமும் இருக்கிறது. நெருக்கம் மிகுந்தால் சுரங்கங்கள் குறுகும். ஒவ்வொரு தாயும் இடும் முட்டைகள் குறையும். புழுக்கள் பல உணவின்றி மடியும். மரத்தை வெல்லக் கூட்டம் வேண்டும். சந்ததி விருத்தியாக இடம் வேண்டும். ஆதலால் மரம் நிறைந்ததும் வேறொரு வாசனை எழுந்து, பின்வரும் வண்டுகளை அப்பால் விலக்குகிறது.

இவ்விரண்டு தடைகளும் இல்லாத இடம், காற்றில் சாய்ந்த மரமே. அதில் பிசினின் எதிர்ப்பு அற்பம். ஆகவே சில வண்டுகளே போதும். அவை நெருக்கமின்றி, தாய் ஒன்றுக்கு மிகுதியான சந்ததியைப் பெறுகின்றன. அப்படிப் பெருகிய சேனைதான் பின்னர் நிற்கும் மரங்களை வீழ்த்துகிறது.

2005 ஜனவரியில் தென் ஸ்வீடனில் வீசிய குத்ருன் புயல் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அடுத்த ஆண்டுகளில் நின்ற மரங்களும் வண்டினால் ஏராளமாகப் பட்டுப்போயின. அங்கே காடுகளிற் பெரும்பகுதி சிறு உடைமையாளர்களுடையது. 1938-இல் தோன்றிய அவர்களுடைய ஸோத்ரா என்னும் கூட்டுறவு ஸ்தாபனம், அங்கத்தினர்களின் சாய்ந்த மரங்களை வாங்கிக்கொண்டது.

கோடைக்காலத்தில் முட்டை வண்டாகிப் பறக்கச் சுமார் இரண்டு மாதமே செல்லும். அதற்குள் சாய்ந்த மரத்தை அகற்றவேண்டும். ஒன்பது பேர் அகற்றி, பத்தாமவர் தம் மரத்தைக் கிடக்கவிட்டால், அங்கே பிறக்கும் வண்டு அவருடைய எல்லைக்கல்லைக் கண்டு நிற்பதில்லை. ஆகவே இத்தகைய வேலையைச் சங்கமாகவே தொடங்கி, சங்கமாகவே முடிக்கவேண்டும்.