பொய் காக்கும் எல்லை



குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் மெய்யாகும் என்பது வள்ளுவர் கண்ட நெறி. கணினிக் காவலுக்கும் அது பொருந்தக் காண்கிறோம்.

1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக் கணினிக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. காரணம் தேடிய வானியலறிஞர் கிளிஃபோர்டு ஸ்டோல், உள்ளே அயலான் ஒருவன் உலவக் கண்டார். அவர் கதவை அடைத்தாரல்லர். படைத்துறைச் செய்தி போன்ற பொய்க் கோப்புகளைப் புனைந்து வைத்தார். கள்வன் அவற்றில் நெடுநேரம் மயங்கியிருக்க, தொலைபேசித் தடம் ஜெர்மனியின் ஹானோவர் நகரிலிருந்த அவன் இருப்பிடத்தைக் காட்டிற்று.

இன்று ‘ஹனிபாட்’ எனப்படும் போலிக் கணினிகளும் இவ்வகையினவே. மெய்யான அலுவல் எதுவும் அவற்றில் இல்லை. ஆதலின் அவற்றைத் தொடுவோர் ஐயத்திற்குரியவர்.

ஆயினும், சினங்கொண்டு கள்வனின் கணினிக்குள் நாமும் புகலாமோ? கூடாது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் இசைவின்றிப் புகுவோரை இழப்பீட்டுக்கு உள்ளாக்குகிறது. பழிதீர்க்கப் புகுவோருக்கு அதில் விலக்கில்லை. மேலும், கள்வன் பலகாலும் ஏதுமறியாத பிறர் கணினி வழியே வருகிறான். நாம் ஓங்கும் கை அவர்மேல் விழும். அந்நிலையில் நம் சூழ்ச்சி குற்றமற்றதாக நில்லாது.

ஆகவே, கணினிப் பணி புரியும் நம் இளைஞர்களே! பொறியை நம் மனைக்குள் வைப்போம், தடயங்களைப் பேணுவோம், தண்டனையை நீதிமன்றத்திற்கு விடுவோம்.