எப்பொறிக்கும் பொருந்தும் மொழி



மொழிக்காப்பு என்றவுடன் நம்முள் பலர் பள்ளியையும் ஆட்சிமன்றத்தையும் கோயிலையும் மட்டுமே எண்ணுகின்றோம். இற்றை நாளில் மொழி வாழ வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. அது கணிப்பொறி. அங்கு நிலைப்பது எது, மாய்வது எது என்பதைப் பிரேசில் நாட்டில் பிறந்த ஒரு நிரல்மொழியைக் கொண்டு விளக்க விழைகின்றேன்.

1977 முதல் 1992 வரை பிரேசில் அரசு அயல்நாட்டுக் கணிப்பொறிகளுக்கும் மென்பொருள்களுக்கும் கடுந்தடை இட்டிருந்தது. தமக்கு வேண்டுவனவற்றைத் தாமே ஆக்குதல் வேண்டும் என்னும் நாட்டுப்பற்றே அதற்கு அடிப்படை. 1992-இல் தடை நீங்கியது. ஆனால் தாமே ஆக்கிக்கொள்ளும் பழக்கம் நீங்கவில்லை. மறு ஆண்டே இரியோ டி செனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உரோபெர்த்தோ இயெருசாலிம்சுகி, இலூயிசு என்றிக்கே தெ பிகரேதோ, வால்தெமார் செலெசு என்னும் மூவர் ஒரு குறுநிரல் மொழியை ஆக்கினர். அங்கு முன்னர் ஆக்கப்பட்ட மொழியொன்றின் பெயர் 'சோல்'. போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு ஞாயிறு என்று பொருள். ஆகலின் புதியதற்குத் திங்கள் எனப் பொருள்படும் 'இலூவா' என்னும் பெயரை இட்டனர். 2013 முதல் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்களில் பயன்படுவதும் இம்மொழியே. தமிழ் விக்கிப்பீடியாவும் அதற்கு விலக்கன்று.

இஃது எவ்வாறு இயன்றது? செயலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொறிமொழி உண்டு. இன்டெல் செயலிக்குரிய கட்டளை ஆர்ம் செயலிக்கு விளங்காது. 1969-இல் தோன்றிய யூனிக்சு இயங்குதளமும் முதலில் ஒரு பொறியின் மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. 1973-இல் அதனைச் 'சி' என்னும் மொழியில் திருப்பி எழுதினர். அதன்பின், புதுப்பொறி ஒன்றுக்கு யூனிக்சைக் கொண்டு செல்ல முதன்மையாக வேண்டுவது அப்பொறிக்கான தொகுப்பியே என்றாயிற்று.

இலூவாவை ஆக்கியோரும் இவ்வழியே சென்றனர். பொதுநெறிப்பட்ட சி மொழியில் எழுதினர். எந்தச் செயலிக்கும் தனிச்சலுகை தரவில்லை. யூனிக்சு வகைப் பொறியில் அம்மூலநிரலை வைத்து, 'மேக்கு' என்னும் கட்டளையை இட்டால் சிறிது நேரத்தில் மொழி எழுந்து நிற்கும். வலுக்குறைந்த சிறுபொறிக்கு வேண்டுமெனின், பெரும்பொறியில் இருந்தவாறே சிறுபொறியின் மொழியில் எழுதவல்ல தொகுப்பியைக் கொண்டு தொகுத்து எடுத்துச் செல்லலாம். இதனைக் குறுக்குத்தொகுப்பு என்பர்.

செயலிகளுக்கிடையே வேறுபாடுகள் பல. ஓர் எண்ணை நினைவகத்தில் எழுதுங்கால் சில அதன் உயர்பகுதியை முன்வைக்கும். சில தாழ்பகுதியை முன்வைக்கும். சில 32 பிட்டு அகலம் உடையன. சில 64 பிட்டு. 2015-இல் வெளிவந்த 5.3 பதிப்பில், செயலி எதுவாயினும் முழுவெண் இயல்பாக 64 பிட்டே என வரையறுத்தனர். பொறியின் சிறுமைக்கு ஏற்ப மொழி குறுகவில்லை. மொழியின் இலக்கணத்திற்குப் பொறியே இணங்கிற்று.

இதற்கு மாறானதும் இலூவாவினுள்ளேயே உண்டு. நிரலை முன்கூட்டியே இடைநிலைக் குறிகளாகத் தொகுத்துக் கோப்பாக வைக்கலாம். 5.3 பதிப்பில் அக்கோப்பின் தலைப்பகுதியில், பதினாறன்முறையில் 5678 என்னும் எண் பொறிக்கப்படும். எண்களை மாற்றுவரிசையில் எழுதும் செயலி அதனைப் படித்தால் வேறு எண்ணே கிட்டும். உடனே இலூவா அக்கோப்பை ஏற்க மறுத்துவிடும். மூலநிரல் எங்கும் செல்லும். தொகுத்த கோப்போ தன்னைப் பெற்ற பொறியினத்தோடு நின்றுவிடும்.

நம் முன்னோர் நூல்கள் எவ்வாறு பிழைத்தன? ஏடு செல்லரித்தபோதெல்லாம் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவார் இருந்தனர். மூலநிரல் நூல் போன்றது. செயலி ஏடு போன்றது. தமிழ் மென்பொருள் ஆக்குவோர் மூலநிரலை மறைத்துத் தொகுத்த கோப்பை மட்டும் தருவாராயின், அதற்குரிய செயலி வழக்கொழியும் நாளில் அவர்தம் உழைப்பும் ஒழியும்.

ஒரு குறையையும் இங்குச் சொல்லியாக வேண்டும். இலூவாவின் பெயர் தாய்மொழியில் அமைந்ததேயன்றி, அதன் கட்டளைச்சொற்கள் யாவும் ஆங்கிலமே. தமிழ் எழுத்துகளை அது செய்தியாக ஏற்கும். நிரலில் இடும் பெயர்களாக ஏற்பதில்லை. ஆயினும் அதன் மூலநிரல் திறந்து கிடக்கின்றது. விலையின்றி எடுத்துத் திருத்தும் உரிமை எவர்க்கும் உண்டு. சொல்லையும் எழுத்தையும் இனங்காணும் பகுதிகள் சிறியவை. அவற்றைத் தமிழுக்கேற்பத் திருத்தித் தொகுத்தால், அத்தமிழ் நிரல்மொழி இலூவா செல்லுமிடமெல்லாம் செல்லும். பைத்தான் மொழியைக் கொண்டு 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி ஆக்கப்பட்டிருப்பது இவ்வழி இயலும் என்பதற்குச் சான்று.

ரிசுக்-ஐந்து என்னும் திறந்த செயலிக் கட்டமைப்பு இன்று வளர்ந்துவருகின்றது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அக்கட்டமைப்பிலேயே 'சக்தி' என்னும் செயலியை ஆக்கியுள்ளது. நம் மண்ணில் செயலி பிறந்துவிட்டது. அதன்மேல் ஓடப்போகும் சொல் எம்மொழிச் சொல் என்பதே நம்முன் உள்ள வினா.

இளைஞர்களே! கைதட்டுவதோடு அமையாதீர். மூலநிரலை எடுங்கள், படியுங்கள், உங்கள் கையாலேயே தொகுங்கள், தமிழ்ச்சொல்லை அதில் ஏற்றுங்கள். தமிழை வாழவைக்கும் வேலையை அயலார் நமக்காகச் செய்துதரார்.

வெல்க தமிழ்!